முதுகுக்குப் பின்னால் ஒரு சரிவுப்பாதை

வாயாடி என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேரில்லை. ஆனால் அந்தப் பேரைச் சொன்னால்தான் நாலு பேருக்கு அவளைத் தெரியும். எதிரில் இருப்பவர் கொட்டாவி விட்டால், அந்தக் கொட்டாவியைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் ஓய்வாள். ஆயத்த ஆடைக் கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்த காலத்தில் அந்த வாய்தான் அவளுக்குச் சோறு போட்டது. பிறகு அந்தச் சோற்றில் மண்ணைப் போட்டதும் அதே வாய்தான். முதலாளியின் மைத்துனி ஒரு நாள் கடைக்கு வந்து, இறுக்கமான பச்சைச் சட்டை ஒன்றை மாட்டிப் பார்த்துவிட்டு, "எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"துணி நல்ல துணிதாங்க. நீங்க உள்ள இருக்கீங்க பாருங்க, அதுக்குத்தான் மூச்சு முட்டுது" என்றாள் வாயாடி.

மறுநாள் வேலை இல்லை.

வேறு வேலை தேடி அலைந்தபோது, சாலைப் பணி ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. தெரு முனைகளில் நடைபாதையின் விளிம்பை வெட்டி எடுத்துவிட்டு, சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் தடங்கலில்லாமல் இறங்கி ஏறச் சரிவுப்பாதை கட்டும் குழு அது. வேலை நடக்கும் இடத்தில் சாலை பாதியாகக் குறுகிவிடும். ஒரு பக்கத்து வண்டிகளை நிறுத்திவிட்டு மறு பக்கத்து வண்டிகளை விட வேண்டும். அதற்கு இந்தக் கோடியில் ஓர் ஆள், அந்தக் கோடியில் ஓர் ஆள். கையில் நீளக் கழியில் செருகிய வட்டப் பலகை. ஒரு முகத்தில் 'நில்', மறு முகத்தில் 'மெதுவாகச் செல்'. வாய்க்கு வேலையே இல்லை. பேசினாலும் இயந்திரச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்காது.

"வாயாடிக்கு வாயில்லாத வேலை கிடைச்சிருக்குடோய்!" என்று சொந்தக்காரர்கள் சிரித்து மாய்ந்தார்கள்.

சிரிக்காதவர் அவள் கணவர் ஒருவர்தான். அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். பேச்சில் மகா கஞ்சர். பெண் பார்க்க வந்த அன்று "டீ நல்லா இருக்கு" என்று சொன்னதோடு சரி. மாப்பிள்ளைக்கு வாய் பேச வருமா என்று அவள் அப்பாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நாளெல்லாம் இயந்திரத்தின் இரைச்சலையும் பயணிகளின் சண்டையையும் கேட்டுவிட்டு வருகிற மனிதர், வீட்டில் அவள் பேசுவதையும் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார். ஒருத்தி பேச, ஒருவர் கேட்க என்று அந்தக் குடும்பம் நன்றாகவே ஓடியது. இந்த வேலைக்குப் போகிறேன் என்று அவள் சொன்னபோது அவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, "வண்டிக்காரங்களை நம்பாதே" என்றார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு பெரிய சொற்பொழிவு.

மேஸ்திரியும் முதல் நாள் அதையேதான் சொன்னார். அவர் தொப்பையும் தொண்டையும் பெருத்த மனிதர். "இந்தா பாரும்மா, வண்டி வர்ற பக்கம் முதுகைக் காட்டாதே. பின்னால வானமே இடிஞ்சு விழுந்தாலும் திரும்பாதே. ஓடுறதுக்குன்னு பக்கத்துல ஒரு வழி எப்பவும் காலியா இருக்கணும். பலகை போனா வேற பலகை செஞ்சுக்கலாம். புரிஞ்சுதா?"

அவளுக்குப் புரிந்தது. சொன்ன சொல் தவறாமல் நின்றாள். பின்னால் அறுப்பு இயந்திரம் பல்லைக் கூசவைக்கும்படி அலறும். உடைப்புச் சுத்தியல் தடதடக்கும். மண்ணை இறுக்கும் இயந்திரம் தரையை அதிரவைக்கும். கடைசியில் கொத்தனாரின் கரணை ஈரக் கான்கிரீட்டின் மேல் சர்ரென்று இழுபடும். எல்லாம் காதால் கேட்டதுதான். மாலையில் அவள் திரும்பிப் பார்க்கும்போது புதுக் கான்கிரீட் ஈரச் சாக்குக்கு அடியில் தூங்கிக்கொண்டிருக்கும். அது காய்ந்து இறுகுவதற்குள் குழு அடுத்த முனைக்குப் போய்விடும். வருஷக்கணக்கில் வேலை பார்த்தும், தன் முதுகுக்குப் பின்னால் என்ன கட்டுகிறார்கள் என்று அவள் உட்கார்ந்து பார்த்ததில்லை.

அவள் பார்த்ததெல்லாம் ஓட்டுநர்களின் முகங்களைத்தான். வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி வைத்த எச்சரிக்கைக் கூம்புகளைக் கண்டதுமே வேகத்தைக் குறைத்து, முன் வண்டிக்கும் தனக்கும் நல்ல இடைவெளி விட்டு நிற்பவர்களைத் 'தங்கம்' என்பாள். நின்ற பிறகும் அங்குலம் அங்குலமாக ஊர்ந்து வருபவர்கள் 'நத்தை'. பாதை குறுகுகிறது என்று முன்கூட்டியே அறிவிப்பு வைத்திருந்தும், வரிசையை ஒட்டிக் கடைசிவரை ஓட்டிவந்து மூக்கை நுழைப்பவர்கள் 'பந்தியில முந்துறவங்க'. முகமே தெரியாமல் உச்சந்தலை மட்டும் தெரிந்தால், அவர் மடியில் கைப்பேசி இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஜாதிக்கு மட்டும் அவள் பேர் வைக்கவில்லை. விசிலை வாயில் வைத்துக்கொள்வாள்.

மறு கோடியில் நிற்பவன் நெட்டையன். அவன் உயரத்துக்குப் பலகையே தேவையில்லை, கையைத் தூக்கினால் போதும் என்பார்கள். இருவருக்கும் இடையில் ஒரு வாக்கி-டாக்கி. "கடைசி வண்டி வெள்ளை வேன், அது தாண்டினதும் நீ விடு" என்பதற்கு மேல் அதில் பேசக் கூடாது. வாயாடி அதிலும் "வெள்ளை வேன்காரர் தலையில சாயம் போட்டிருக்கார், காதுல வழியுது பாரு" என்று சேர்த்துவிடுவாள். நெட்டையன் அந்தக் கோடியில் தனியாகச் சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, வண்டிக்காரர்கள் அவனுக்கு ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வார்கள்.

கணவர் ஓட்டும் பேருந்தின் வழியில் வேலை வந்தபோதுதான் வேடிக்கை. பேருந்து வந்தது, அவள் 'நில்' முகத்தைத் திருப்பினாள். வண்டி நின்றது. நடத்துநர் படியில் தொங்கிக்கொண்டே, "அண்ணே, வீட்டுல நிக்க வைக்கிறது பத்தலைன்னு ரோட்டுலயும் நிக்க வச்சுட்டாங்களா?" என்றார். பேருந்தே சிரித்தது. ஓட்டுநர் ஸ்டீரிங்கின் மேல் கையை வைத்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மீசைக்கு அடியில் ஏதோ நெளிந்ததை அவள் மட்டும் பார்த்தாள்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த அந்த வாழ்க்கையில்தான் அது நடந்தது.

பெரிய மருத்துவமனைக்குப் போகும் தெருவில் வேலை. காலை நெரிசல் ஓய்ந்து சாலை வெறிச்சென்று கிடந்தது. பின்னால் அப்போதுதான் கான்கிரீட் கொட்டியிருந்தார்கள். கொத்தனாரும் இன்னொருவரும் மண்டியிட்டு மட்டம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி மண்ணை இறுக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தூரத்தில் ஒரு கார். வாயாடி 'நில்' காட்டினாள். கார் வேகம் குறையவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஓர் உச்சந்தலை தெரிந்தது.

விசில் ஊதினாள். உச்சந்தலை நிமிரவில்லை. ஓடும் வழி பக்கத்திலேயே காலியாக இருந்தது. ஓர் எட்டு வைத்தால் போதும். ஆனால் பின்னால் மண்டியிட்டிருக்கும் இருவருக்கும் இயந்திரச் சத்தத்தில் விசில் கேட்டிருக்காது என்று அவளுக்குத் தோன்றியது. மேஸ்திரி சொன்னதை முதன்முறையாக மீறினாள். பின்னால் திரும்பினாள். அடிவயிற்றிலிருந்து கத்தினாள்:

"ஓடுங்கடா!"

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து சும்மா கிடந்த குரலெல்லாம் சேர்ந்து ஒரே கத்தலாக வந்தது. இயந்திரத்தையும் மீறி அது கேட்டது. கொத்தனார் கரணையை எறிந்துவிட்டுச் சுவர்ப் பக்கம் பாய்ந்தார்; மற்றவன் அவர் மேல் விழுந்தான். பிறகுதான் வாயாடி குதித்தாள். அரை எட்டு பிந்திவிட்டது. காரின் ஓரம் இடது காலைத் தட்டித் தூக்கிப் போட்டது. கார் கூம்புகளைச் சிதறடித்துக்கொண்டு போய், ஈரக் கான்கிரீட்டில் முன்சக்கரம் இரண்டும் புதைய, குட்டையில் இறங்கிய எருமை மாதிரி நின்றது.

யாரோ இயந்திரத்தை அணைத்தார்கள். காருக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் மட்டும் பொறுமையாகச் சொன்னது: "வலது பக்கம் திரும்பவும்." கைப்பேசியில் வழி காட்டும் குரல்.

கொத்தனார் கை கால் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார். "இப்பத்தான்டா வழவழன்னு இழுத்து முடிச்சேன்" என்று கான்கிரீட்டைப் பார்த்துச் சொன்னவர், அடுத்து வாயாடியைப் பார்த்ததும் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தார்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மருத்துவமனை பக்கத்திலேயே இருந்ததுதான் அன்றைக்குக் கிடைத்த ஒரே அதிர்ஷ்டம். கணவர் சீருடையோடு வந்து சேர்ந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மண்ணும் ரத்தமுமாய்க் கிடந்த அவளுடைய ஒளிரும் மேலங்கியை எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் துவைத்து, ஜன்னல் கம்பியில் காயப் போட்டார். காய்ந்ததும் மடித்து வைத்தார். பிறகு பிரித்து இன்னொரு தடவை மடித்தார். "உங்க வீட்டுக்காரருக்குப் பேச்சு வராதாம்மா?" என்று செவிலி ரகசியமாய்க் கேட்டாள்.

அவள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தபோது அவர் வாயைத் திறந்தார். "நீ கத்தினது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டுச்சாம். நெட்டையன் சொன்னான்." அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டார். "நல்ல குரல்."

வாயாடி அந்தக் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள், கார் ஓட்டி வந்தவன் பிஸ்கட் பொட்டலத்தோடு வாசலில் நின்றான். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. ஒரு மருத்துவரிடமிருந்து இன்னொரு மருத்துவரிடம் நாளெல்லாம் ஓடுகிறவன். காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாகி, ஓட்டுநர் உரிமத்தையும் முடக்கியிருந்தார்கள். கணவர் அவனைப் பார்த்த பார்வையில் அவன் இரண்டு எட்டு பின்னால் போனான்.

"உள்ள வரச் சொல்லுங்க" என்றாள் வாயாடி. அவன் வந்து, தலை குனிந்து நின்றான்.

"உங்க உச்சந்தலையை ஏற்கெனவே பார்த்துட்டேன். முகத்தைக் காட்டுங்க."

நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது. "வழி பார்த்துட்டிருந்தேங்க. எங்க திரும்பணும்னு அது சொல்லிட்டே இருந்துச்சு..."

"போனுக்குள்ள இருக்குறவ சொன்னதைக் கேட்டீங்க. ரோட்டுல உசுரோட நின்னவ சொன்னதைக் கேக்கலை. அவளுக்குக் கால் இருக்கா, உடையுறதுக்கு?"

அவன் அழுதான். அவள் அதற்குமேல் திட்டவில்லை. திட்ட நிறைய இருந்தது. ஆனால் எதிரில் அழுகிறவனைத் திட்டுவதில் சுவை இல்லை என்று பிற்பாடு சொன்னாள். "இனிமே போன்ல முதல்லயே வழியைப் பார்த்துட்டு வண்டியை எடுங்க. கூம்பைக் கண்டா காலை பிரேக்குல வைங்க. அங்க மண்டி போட்டு வேலை பார்க்கிறவனுக்கு முதுகுல கண்ணு இல்ல" என்றாள். பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து அவனுக்கும் ஒன்று கொடுத்தாள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் அவன் மறுபடி வந்தான். தெரிந்த மருத்துவமனை ஒன்றில் கழித்துப் போட வைத்திருந்த சக்கர நாற்காலியைக் கேட்டு வாங்கி, புது ரப்பர் போட்டு, எண்ணெய் விட்டு, பேருந்தில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தான். கணவர் அதைச் சுற்றி வந்தார்; சக்கரத்தை விரலால் சுண்டி ஓடவிட்டார்; பிரேக்கை இழுத்துப் பார்த்தார். கடைசியில் அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். மன்னிப்பு என்று சொன்னால் அதுதான்.

வீடு தரைத்தளம்தான். ஆனால் வாசலில் இரண்டு படி. கணவர் யோசித்தார். பழைய கதவுப் பலகை ஒன்றை எடுத்துப் படியின் மேல் சாய்த்து வைத்து, அதன்மேல் நாற்காலியை ஏற்றப் பார்த்தார். பாதி ஏறியது, பிறகு அவரையும் சேர்த்துக்கொண்டு பின்னால் வந்தது. "என்னங்க, என்னைக் கொல்லணும்னா அந்தக் கார்காரனே போதுமே!" என்று வாயாடி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

அவளைப் பார்க்க வந்த மேஸ்திரி அந்தப் பலகையைக் கண்டதும் தொப்பை குலுங்கச் சிரித்தார். "இது சரிவு இல்லப்பா, சறுக்குமரம்! உயரம் கொஞ்சம்னா நீளம் நிறைய விடணும். இல்லைன்னா ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது."

விடுமுறை நாளில் குழு முழுக்க வந்து இறங்கியது. வாசலை ஒட்டிச் சுவரோரமாக நீளமாய் மண் நிரப்பி, இறுக்கி, இருபுறமும் பலகை அடித்துக் கான்கிரீட் போட்டார்கள். வாயாடி ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து முதன்முறையாக வேலையை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை பார்த்தாள். கொத்தனார் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவே நிற்கும்வரை குழந்தையைத் தூங்கவைப்பவர் போலப் பொறுமையாய் இருந்ததைப் பார்த்தாள். மேலே நாற்காலி திரும்புவதற்கு ஒரு சமதளம் விட்டதையும், கடைசியில் வழுக்காமல் இருக்கத் துடைப்பத்தை இழுத்து மெல்லிய கோடுகள் போட்டதையும் பார்த்தாள்.

"இவ்வளவு அழகாவாடா செய்யுறீங்க?" என்றாள்.

"இத்தனை நாளா பின்னால உரல்ல நெல்லா குத்துறோம்னு நினைச்சியா?" என்றார் மேஸ்திரி.

அது இறுகிய பிறகு ஒரு காலை, கணவர் வேலைக்குப் போனதும், யாரிடமும் சொல்லாமல் தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே கிளம்பினாள். வாசல் சரிவில் நாற்காலி வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. வீட்டுக்குள்ளேயே சுவரோடு பேசிச் சலித்திருந்தவள் தெருவில் கண்ட அத்தனை பேரோடும் பேசினாள். அடுத்த முனையில் மருந்துக்கடை. அங்கே சாலையைக் கடக்கும் இரண்டு பக்கமும் அவர்கள் குழு முன்பே கட்டிய சரிவுப்பாதை இருந்தது. பார்வையில்லாதவர்கள் காலால் தடவி அறிய மஞ்சள் நிறத்தில் புள்ளி புடைத்த ஓடு பதித்து, பார்க்கவே நன்றாக இருந்தது. 'நம்ம ஆளுங்க கட்டினது' என்ற பெருமையோடு இறங்கினாள், சாலையைக் கடந்தாள், எதிர்ப்பக்கம் ஏறப் போனாள். நாற்காலி டக்கென்று நின்றது.

சாலையும் சரிவும் சேரும் இடத்தில் ஒரு விரற்கடை உயரத்துக்கு ஒரு விளிம்பு. நடக்கிறவர் காலுக்கு அது இருப்பதே தெரியாது. முன்னால் இருந்த சின்னச் சக்கரத்துக்கு அதுவே மலை. தள்ளினாள்; முன்னால் சாய்ந்தாள். பின்வாங்கினாள், பின்னால் வண்டிகள். சிக்னல் விளக்கு மாறிவிட்டது. ஒருவர் ஹாரன் அடித்தார், அவரைப் பார்த்து இன்னொருவர் அடித்தார். எத்தனையோ வண்டிகளைக் கண்ணசைவில் நிறுத்தியவள், கையில் பலகை இல்லாமல், அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலையில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. காய்கறிப் பையோடு வந்த ஒரு பெண் பையைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியின் முன்பக்கத்தைத் தூக்கி மேலே ஏற்றிவிட்டாள். "எனக்கும் குழந்தை வண்டி இங்கதாங்க மாட்டும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

வாயாடி மருந்துக்கடை வாசலில் நாற்காலியை நிறுத்தி மேஸ்திரிக்குப் போன் போட்டாள். "அண்ணே, உடனே வாங்க. உங்களுக்கு ஒரு வாகனம் வச்சிருக்கேன்."

மேஸ்திரி பதறிக்கொண்டு வந்தார். கடைக்காரர் போட்ட ஸ்டூலில் வாயாடி மாறி உட்கார்ந்துகொண்டு, காலியான நாற்காலியைக் காட்டினாள். "உக்காருங்க."

"எதுக்கும்மா?"

"உக்காருங்கன்னேன்ல."

தொப்பையை நாற்காலிக்குள் அடக்கி உட்கார்ந்தார். தெருவில் போனவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். விளக்கு விழுந்ததும் இறங்கி எதிர்ப்பக்கம் போய்த் திரும்பி வரச் சொன்னாள். போகும்போது ராஜா மாதிரி போனார். திரும்பி ஏறும் இடத்தில் டக்கென்று நின்றது. தள்ளினார்; மூஞ்சி சிவந்தது. இன்னும் தள்ளினார், நாற்காலி முன்பக்கமாய்க் குனிந்து அவரைக் கொட்டப் பார்த்தது. பக்கத்தில் நின்ற இருவர் தூக்கிவிட்டார்கள்.

நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமலே அவர் அந்த விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மழைத் தண்ணி மேல ஏறாம இருக்கட்டும்னு ஒரு விரக்கடை விட்டோம்மா... நடந்து பார்த்தோம், சரியாத்தான் இருந்துச்சு."

"நானும் இத்தனை நாளா திரும்பியே பாக்கலையேண்ணே" என்றாள் வாயாடி. அவள் குரலில் சண்டை இல்லை. மேஸ்திரி சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உன் வீட்டு வாசல்ல அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செஞ்சேன். இங்கயும் உன்னை மாதிரி ஒருத்திதானே வருவா!" என்று தனக்குள் சொல்வது போலச் சொன்னார். அடுத்த வாரமே அனுமதி வாங்கி, அந்த விளிம்பை அறுத்து எடுத்து, சாலையோடு சமமாய்ச் சேரும்படி திரும்பக் கட்டினார். தண்ணீர் போக ஓரத்தில் வேறு வாட்டம் கொடுத்தார்.

கால் சேர்ந்தது. கம்பு ஊன்றி நடந்தாள், பிறகு கம்பில்லாமல் நடந்தாள். மழைக்கு முன்னால் மட்டும் எலும்பு கொஞ்சம் முனகும். வேலைக்குப் போகும் நாள் வந்தபோதுதான் உள்ளே இன்னொரு முறிவு இருப்பது தெரிந்தது. மேலங்கியைப் போட்டுக்கொண்டு பலகையோடு சாலையோரம் போய் நின்றாள். தூரத்தில் ஒரு டயர் சத்தம் கேட்டதுமே அவள் கால் தானாகப் பின்னால் போனது. முன்னால் வந்து நின்றாள், மறுபடி போனது. வாக்கி-டாக்கியில் நெட்டையன், "அக்கா, ஏதாவது பேசுக்கா, பயமா இருக்கு" என்றான். அவளால் முடியவில்லை.

அப்போது கணவரின் பேருந்து வந்தது. அன்றைக்கு அந்த வழி அவருடையதில்லை. வேறு ஓட்டுநரிடம் கேட்டு மாற்றிக்கொண்டு வந்திருந்தார். கூம்புகள் தொடங்கும் இடத்துக்கு வெகு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, ஊர்ந்து வந்து, சற்றே சாய்வாக, பின்னால் வருகிற எதுவும் ஒட்டிக்கொண்டு முந்த முடியாதபடி பாதை முழுவதையும் அடைத்து நிறுத்தினார். பின்னாலிருந்து ஹாரன்கள் எழுந்தன. அவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டிப் பின்னால் திரும்பி, ஊரே கேட்கும்படி சத்தம் போட்டார்:

"ஆள் வேலை செய்யுறாங்க! கொஞ்சம் நின்னா குடியா முழுகிடும்?"

வாயாடி வாயைப் பிளந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் கத்தி அவள் கேட்டதே இல்லை. நடத்துநர் தன் விசில் உதட்டிலிருந்து நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை. ஓட்டுநர் அவள் பக்கம் திரும்பி, பழைய குரலில், "நிதானமா விடு. அவசரமில்லை" என்றார்.

அவள் மூச்சை இழுத்துவிட்டாள். வாக்கி-டாக்கியை எடுத்தாள். "நெட்டையா, உன் பக்கத்து வண்டியை விடு. முதல்ல வர்றவர் உள்பனியன்ல வண்டி ஓட்டுறார், பாத்துச் சிரிச்சுடாதே" என்றாள். அந்தக் கோடியில் ஒரு சிரிப்பு வெடித்தது. கால் பின்னால் போகவில்லை. பிறகும் சில நாள் போனது. போன போதெல்லாம் திரும்ப வந்து நின்றாள். அப்படியே பழகிக்கொண்டாள்.

மருந்துக் கம்பெனிக்காரன் உரிமம் திரும்பக் கிடைத்ததும் மறுபடி கார் ஓட்டினான். எங்கே கூம்பைக் கண்டாலும் அவன் அவ்வளவு தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துவிடுவதால், பின்னால் வருகிறவர்கள் அவனுக்குக் கண் தெரியாது என்று நினைக்கிறார்களாம். வாயாடியே கேலி செய்வாள்: "தம்பி, கூம்பு இருக்குற ஊருல நின்னா போதும், பக்கத்து ஊருலயே நிக்க வேணாம்." நாற்காலியை மட்டும் அவன் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அது இப்போது குழுவின் லாரியில் மண்வெட்டிக்கும் கூம்புக்கும் நடுவே பயணம் செய்கிறது. ஒரு சரிவுப்பாதை இறுகி முடிந்ததும், தடுப்பை எடுப்பதற்கு முன்னால் யாராவது ஒருவர் அதில் உட்கார்ந்து ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும். இது வாயாடி போட்ட சட்டம். உட்காருகிறவருக்கு அன்றைக்கு எல்லாரும் வழிவிடுவதால் அதற்கு 'மாப்பிள்ளை நாற்காலி' என்று பேர்.

சென்ற மாதம் பள்ளிக்கூடத் தெரு முனையில் வேலை முடிந்தது. விடுமுறையில் இருந்த கணவர் அவளுக்குச் சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்திருந்தார். "மாப்பிள்ளை தானா வந்து மாட்டினார்!" என்று மேஸ்திரி அவர் தோளை அழுத்தி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார். வாயாடி பின்னால் நின்று தள்ளினாள். நாற்காலி சாலையிலிருந்து ஒரு சின்னத் தட்டல்கூட இல்லாமல் மேலே போய்ச் சமதளத்தில் நின்றது.

"எப்படிண்ணே இருக்கு?" என்று கொத்தனார் கவலையோடு கேட்டார்.

ஓட்டுநர் கொஞ்சம் யோசித்தார். "கியர் மாத்தாமலே ஏறுது" என்றார்.

குழுவே சிரித்தது. கொத்தனாருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேறு யாரும் கொடுத்ததில்லை. அதற்குள் நெட்டையன், தன் பக்கத்தில் வண்டிகள் சேர்ந்துவிட்டன என்று வாக்கி-டாக்கியில் கத்தினான். வாயாடி கைப்பிடியை விட்டுவிட்டுப் பலகையை எடுக்க ஓடினாள்.

"ஏய், எங்க போற? பிரேக்கைப் போட்டுட்டுப் போ!" என்று மேலிருந்து ஒரு குரல் கேட்டது. இப்போதெல்லாம் அவர் கொஞ்சம் சத்தமாகவே பேசுகிறார்.